மச்சானின் வட்டாரம்

அமெரிக்காவில் ஒரு மாநிலம் தன் கட்சிக்குத் தோதாகத் தொகுதி எல்லைகளை வெட்டி ஒட்ட, எதிர்க்கட்சி ஆளும் மாநிலமும் பதிலுக்குக் கத்தரிக்கோலை எடுத்தது. டென்மார்க்கில் எங்கள் ஊரான இக்காஸ்ட்டில் அந்தச் செய்தியை என்னைப்போல் ஊன்றிப் படித்தவர் இருக்க மாட்டார். படித்ததோடு நின்றிருக்கலாம்.

பக்கத்து ஊரான ஹேர்னிங்குக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு தமிழ்ச் சங்கம். வட்டாரத்துக்கு ஒருவர் நிர்வாகத்துக்குப் போவார். வட்டாரங்களை அந்தந்த ஊராரே பிரித்துக்கொள்ளலாம். ஹேர்னிங்காரர் தங்கள் எல்லைகளைத் திருத்தி, அங்கே எங்களுக்கு இருந்த ஒரேயோர் இடத்தையும் நைசாகக் கரைத்துவிட்டார்கள். தலைவராகும் கனவில் புது சூட் தைத்து வைத்திருந்த என் மனைவியின் தம்பிக்கு அது பொறுக்கவில்லை.

"அத்தான், நீங்கள் உலக அரசியல் கதைக்கிற ஆள். நாங்களும் ஒரு கோடு கீறுவம்."

கணினியில் வரைபடத்தை விரித்தேன். மச்சானின் வட்டாரம் முழுக்க எங்கள் ஆட்கள். பக்கத்து வட்டாரம் ஹேர்னிங் பக்கம் சாய்ந்தது. எங்கள் தெருவை மச்சானின் வட்டாரத்திலிருந்து பிடுங்கி அங்கே நட்டால் இரண்டும் எங்களுக்கு. அங்கே பேருக்கு நிற்க என்னையே போட்டார்கள்.

இது கள்ள விளையாட்டு இல்லையா என்று மகள் டெனிஷில் கேட்டாள்.

"அவையள்தானே முதல் தொடங்கினது" என்றேன். அந்த நியாயம் டெனிஷில் எடுபடாது.

மனைவியின் கவலை வேறு. "தம்பியின்ர பக்கம் மெலியுதேயப்பா?"

"மிச்சம் இருக்கிறதும் எங்கட ஆக்கள்தானே."

மிச்சமிருந்ததில் பெரிய குடும்பம், போன ஆவணியில் தங்கள் மகளை மச்சானை எதிர்த்து நின்ற ஹேர்னிங் பக்கத்து ஆளின் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. சம்பந்தியை விட்டுவிட்டு எங்களுக்கா வாக்குப் போடுவார்கள்? இது இரகசியமுமல்ல. அந்தக் கலியாணத்தில் மச்சானும் நானும் அருகருகே இருந்து, இரண்டாம் தரமும் பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தோம். கோடு கீறும்போது நான் வீடுகளைப் பார்த்தேன், கலியாணங்களைப் பார்க்கவில்லை.

மச்சான் தோற்றார். நான் வென்றேன்.

மறுநாள் மச்சான் அந்தப் புது சூட்டும் கையுமாக வந்தார்.

"இந்தாங்கோ அத்தான், கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போங்கோ. கோடு கீறின ஆள் கெட்டிக்காரன்தான்."

குசினியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, தம்பிக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றினாள்.

முதல் கூட்டத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். தோள் இறுக்கியது, வயிற்றில் பொத்தான் பூட்ட முடியவில்லை. முன்வரிசையில் இருந்த ஹேர்னிங்காரர் மனமாரக் கைதட்டினார்கள்.