கோரைப் புழு தின்னாத நாற்று

சித்தூருக்குக் கிழக்கே எங்கள் வயலை ஒட்டி ஓர் ஈரப்பள்ளம். அதில் இடுப்பளவு கோரை நிற்கும். கோரைத்தாளை மடித்து நூல் கட்டி உள்ளே குடியிருக்கும் பச்சைப் புழுக்களில் மூன்றை நாலாம் வகுப்புப் படிக்கையில் டிபன் டப்பாவில் வைத்து வளர்த்தேன். விருந்தாளிக்கு நல்ல சாப்பாடு போட வேண்டாமா? நாற்றங்கால் மூலையில் இளநாற்றைக் கை கையாகப் பிடுங்கி வந்து போட்டேன். இரண்டு நாள் பட்டினி கிடந்தனவே ஒழிய, ஒன்றும் வாய் வைக்கவில்லை. கோரையைப் போட்டதும் அரக்கப்பரக்கத் தின்றன.

அந்தச் சனிக்கிழமை காலை, மொட்டையாகிக் கிடந்த அந்த மூலையை அப்பா பார்த்துவிட்டார். பக்கத்துக் கோரையை விலக்கினால் மடிப்புக்கு மடிப்பு புழு.

"நாத்துல ஏறிருச்சுடா," என்றார் சித்தப்பாவிடம்.

"கிருஷிபவன் விவசாய ஆபீசருக்குப் போட்டோ அனுப்பியிருக்கறனுங்கண்ணா. பதில் வரட்டும், பொறுங்க."

"அதுக்குள்ள நாத்தங்காலே மொட்டையாயிரும்."

மருந்துப் பம்பை முதுகில் மாட்டினார். பிடுங்கியது நான்தான் என்று சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். போன மாதம்தான் பூசணிப்பூவைப் பறித்ததற்கு அப்பாவிடம் முதுகில் அடி வாங்கியிருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குள் போய் டப்பாவைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பள்ளத்தில் பம்பு அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தாய்வீடு போயிருந்த அம்மா நாளைக்குத்தான் வருவாள் என்றிருந்தோம். சாயங்காலமே பஸ் இறங்கி வந்துவிட்டாள். மாட்டுக் கட்டுத்தறிக்கு வெறுங்கையோடு வருகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. சினைமாடு ஆசையாய்க் கத்தியது. எட்டிப் பார்த்தேன். அம்மா கையில், வரும் வழியில் பள்ளத்தில் அறுத்த ஒரு கட்டுக் கோரை.

ஓடினேன். மாடு நாக்கை நீட்டிவிட்டது. கட்டைப் பிடுங்கி எறிந்தேன்.

"ஏம்புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"அதுல மருந்து அடிச்சிருக்குதும்மா. எல்லாம் என்னாலதான்."

நாற்றுப் பிடுங்கியது முதல் ஒன்று விடாமல் அழுதுகொண்டே கொட்டினேன். என் சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பா மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தார். ஒரு தாள்கூட உள்ளே போகவில்லை.

"காலைலயே சொல்றதுக்கென்ன சாமி?"

"அடிப்பீங்கன்னு பயமுங்கப்பா."

அப்பா கை ஓங்கவில்லை. "எம்மேல அத்தனை பயமா?" என்று மாட்டின் கழுத்தைத் தடவியபடி முனகினார். அன்று ராத்திரி சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். மருந்து வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடி தப்பிய சந்தோஷத்தில் நான் மட்டும் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.