எலுமிச்சை எரியாத கன்னம்

என் நாத்தனார் பிறவியில் கறுப்பு இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அவளைக் கறுப்பி, கறுப்பி என்றே கூப்பிட்டதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது வெயில் கொடுத்த கறுப்பு. கிள்ளான் போகிற ரோட்டில் நானும் அவளும் ஒரே கும்பலில் ஜல்லி சுமந்தோம். காலையில் கூடையைத் தலையில் ஏற்றினால் பொழுது சாயும்போதுதான் இறக்குவோம். வேலை வாங்குகிற மண்டோர் மட்டும் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். பாழாய்ப்போன வெயில்! மூக்கும் கன்னமும் தோலுரிந்து, உரிந்த இடம் மறுபடி வெந்து, ஒரு வருஷத்துக்குள் அவள் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. இடுப்பு வரை இருந்த முடி செம்பட்டையாகி, சீப்பு இறங்காமல் நாராக நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கிள்ளானிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குக் கப்பல் துறையில் வேலை. தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறோம் என்று அவன் தாய் சொல்லியனுப்பினாள். என் மாமியாருக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. தகப்பன் இல்லாத பெண். ஏற்கெனவே இரண்டு பேர் வாசல் வரை வந்து, முகத்தைப் பார்த்து, காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் அப்புறம் எவன் வரப்போகிறான்?

"இனிமே இவ வெயில்ல இறங்கக் கூடாது" என்று மாமியார் சொல்லிவிட்டாள். நான் மட்டும் தனியாக ஜல்லி சுமக்கப் போனேன். எனக்கு எரிச்சல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் மேல் எனக்கு உயிர். சாயங்காலம் நான் திரும்பி வந்தால் கால் பிடித்துவிடுவாள்.

வீட்டில் வைத்தியம் தொடங்கியது. சோற்றுக்கற்றாழையைச் சீவி, ஏழு தண்ணீரில் அலசி, முகத்தில் பூசுவாள் மாமியார். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து, மண்டையில் சூடு பறக்கத் தேய்ப்பாள். செம்பருத்தி இலையைக் கசக்கி அலசிவிடுவாள். பின்னால் கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமத்திலிருந்த ஒரு அம்மாள் பெடாக் சேஜுக் கொடுத்தாள். அரிசியைப் புளிக்க ஊறவைத்து அரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவைத்த குளிர்ச்சி மாவு அது. தண்ணீரில் குழைத்துப் பூசினால் முகம் சில்லென்று ஆகிவிடும். இரண்டே மாதத்தில் முடி கருகருவென்று திரும்பியது. மூக்கு ஆறியது, கழுத்து ஆறியது. அடேயப்பா, இவ்வளவு அழகையா இந்த வெயில் தின்றுகொண்டிருந்தது என்று எனக்கே வாய் பிளந்துபோயிற்று.

இடது கன்னத்தில் ஒரு வெளுப்பு மட்டும் போகவில்லை. முதலில் நெல்லிக்காய் அளவு இருந்தது. போகப் போகக் கன்னம் முழுக்கப் பரவியது. வெயில் தேமல் என்றாள் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கும்பலில் தேமல் இல்லாத முகம் எது?

தேமலுக்கு எங்கள் லயத்தில் ஒரு முரட்டு வைத்தியம் உண்டு. தேங்காய் நாரால் அந்த இடத்தைச் சிவக்கத் தேய்த்து, சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறும் உப்பும் விட்டு அரைத்து அப்புவார்கள். எவ்வளவு பெரிய ஆம்பளையாக இருந்தாலும் அலறிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவான். மாமியார் அரைத்து அப்பினாள். கையில் இருந்த வெடிப்பில் சாறு இறங்கி, "ஐயோ, எரியுதே!" என்று அவள்தான் குதித்தாள். இவளோ சம்மணம் போட்டுக்கொண்டு தாயைப் பார்த்துச் சிரித்தாள்.

"எரியலையாடி?"

"இல்லையே அண்ணி."

"சரியான அழுத்தக்காரி! எங்களுக்குப் பயந்துக்கிட்டுப் பல்லைக் கடிக்கிறியா?" என்று கன்னத்தில் இடித்தேன். அதற்கும் சிரித்தாள். எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி என்று மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கேட்டவர்கள் தங்கள் பெண்களை இவளைக் காட்டித் திட்டினார்கள்.

தை மாதம் பையனின் தாய், கிள்ளான் அம்மாள், ரயிலில் வந்து இறங்கினாள். வெற்றிலை, பழம், பூ எல்லாம் கொண்டுவந்திருந்தாள். நல்ல சிரித்த முகம். பெண்ணின் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, "அம்மாடி, எவ்வளவு முடி!" என்றாள். எனக்கு அப்போதே கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது. கொண்டுவந்த பூவை அவள் தலையில் வைக்கப்போனவள், கன்னத்தைப் பார்த்து நின்றாள்.

"இது என்னாங்க வெளுப்பு?"

"வெயில் தேமல்க்கா, ஒண்ணுமில்லை" என்று மாமியார் முந்திக்கொண்டாள். "எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்க்கிறேன், போயிடும். நானே எரிச்சல் தாங்காம ஓடுறேன். எம்பொண்ணு ஸ்ஸுன்னு ஒரு சத்தம் போடணுமே! அவ்வளவு பொறுமை. உங்க வீட்டுல எது சொன்னாலும் பொறுத்துக்குவா."

கிள்ளான் அம்மாள் பூவைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். காப்பியைத் தொடவில்லை. எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். எதையாவது கேட்டுச் சண்டைக்கு நிற்பதற்குத்தான் ஓடினேன். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"என் கூடப்பிறந்தவனுக்கும் இப்படித்தாம்மா. காலுல கங்கு விழுந்துச்சு, அவனுக்குத் தெரியலை. தோலு கருகின வாசம் வந்துதான் நாங்க பார்த்தோம். பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

உள்ளே வந்து சொன்னேன். மாமியார் என்னை அடிக்க வந்தாள். "வரன் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போகட்டும்! என் பொண்ணு தலையில நெருப்பை அள்ளிப் போட்டுட்டுப் போறாளே பாவி!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். என் வீட்டுக்காரர் மறுநாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் கன்னத்தில் ஊசியால் குத்திப் பார்த்தாராம், அவளுக்குத் தெரியவே இல்லையாம். பெருவியாதி, குஷ்டம் என்று சொல்லிவிட்டார். சட்டப்படி வீட்டில் வைத்திருக்க முடியாது, சுங்கை பூலோவில் இருக்கிற பெருவியாதிக்காரர் முகாமுக்கு அனுப்பியாக வேண்டும்.

கிள்ளான் அம்மாள் மூச்சுவிடவில்லை. ஆனாலும் லயத்துக்குத் தெரிந்துவிட்டது. நான் குழாயடிக்குப் போனால் குடங்கள் விலகின. "விலகுங்கடி, நல்லா விலகுங்க! ஒரு நாள் உங்க வீட்டுக்கும் வராமலா போகும்!" என்று சபித்தேன். இன்றைக்கும் அந்த வார்த்தைக்காக எனக்கு வருத்தம் கிடையாது. மாமியாரோ அரைத்த விழுதை அம்மியிலிருந்து வழிக்கக்கூடச் செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அவளை ஏற்றிப்போகிற ஆஸ்பத்திரி வண்டி காலையிலேயே வந்துவிட்டது. லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அவள் ஒரு துணி மூட்டையோடு இறங்கிப் போனாள், நானும் கூடவே போனேன். அத்தனை கண்ணையும் பார்க்கமுடியாமல், வண்டிப் பக்கத்தில் நின்று முந்தானையைக் கண்ணில் அழுத்திக்கொண்டாள். வண்டியோடு வந்த ஆளிடம் என் வீட்டுக்காரர் எப்போது பார்க்க வரலாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அப்போது மாமியார் எழுந்து வந்தாள். ஒருவரையும் பார்க்காமல் நேராகப் போய், மகளின் இடது கன்னத்தில் விரல்களை வைத்தாள். குழந்தைக்குத் தடவுவதுபோல மெல்லத் தடவினாள், தடவிக்கொண்டே இருந்தாள்.

கண்ணை மூடியிருந்தவள் விம்மினாள்.

"அண்ணி, அம்மா எங்க? கோவமா இருக்கா? ஒரே ஒரு தடவை வந்து என்னைத் தொடச் சொல்லுங்க அண்ணி."

"தொட்டுக்கிட்டுத்தான்டி இருக்கேன்" என்றாள் மாமியார்.