கூரை மேலிருந்து ஒரு கேள்வி

அண்ணன் இறந்து ஒரு மாதமாகிறது. வீடியோ கேம் விளையாட ஏற்ற டிவி வாங்கித் தருவதாகத் தம் பேத்தி யாழினிக்கு அவர் வாக்களித்திருந்தார். அதை நிறைவேற்றவே அவளைத் தேனிக்கு அழைத்து வந்தேன்.

"கேமுக்குன்னா இந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்லதான் மாட்டணும் சார். மத்ததுல இந்த வேகம் கிடைக்காது" என்ற கடைக்காரர், கேபிளோடு டிவிக்குப் பின்னால் குனிந்தார். அங்கிருந்தே கேட்டார்: "தெரியுதா சார்?"

அந்தக் காலத்தில் பெரியகுளத்து வீட்டின் ஓட்டுக்கூரையிலிருந்து அண்ணன் அப்படித்தான் கேட்பார். அவர் ஆன்டெனாக் குழாயைக் கொடைக்கானல் டிவி கோபுரத்தின் பக்கம் திருப்புவார். ஜன்னலருகே நின்று பதில் சொல்வது என் வேலை. ஒரு ஞாயிறு மாலை, மழையில் படம் புள்ளிகளாய்க் கலைந்தது. ஈரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அண்ணன் ஏறினார். அவர் குழாயைப் பிடித்திருந்தால் படம் நின்றது, விட்டால் போயிற்று.

"தெரியுதாடா?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா மூக்குப்பொடி டப்பாவைத் தட்டியபடி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஏலே, சொல்லாத. சொன்னா கைய விட்டுருவான்."

படம் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டார் சிரித்தனர். மலைமேல் மின்னியது. படம் முடியும்வரை, மழைக்கு நடுவே அந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது.

"சார், தெரியுதா?" கடைக்காரர் மறுபடியும் கேட்டார்.

திரையில் ஒரு மரத்தின் ஒவ்வோர் இலையும் தெரிந்தது.

"தெரியுது! நல்லாத் தெரியுது! கைய எடுத்துருங்க!"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தனர்.

"பின்னாடிதான நிக்கிறாரு," என்றாள் யாழினி. "எதுக்குச் சின்னத் தாத்தா இப்படிக் கத்துறீக?"