பெட்டி கத்தக்கூடாத சுற்று

ஒரு பெட்டி கத்துகிறதா இல்லையா என்று காது கொடுத்துக் கேட்பதுதான் எங்கள் வேலை. இதற்கா இன்ஜினியரிங் படித்தாய் என்று என் மாமியார் கேட்பார். நியாயமான கேள்விதான், ஆனால் அவர் கேட்கும் தோரணைக்காகவே நான் பதில் சொல்வதில்லை. திண்டிவனத்தில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. ஹெலிகாப்டரில் பொருத்தும் எச்சரிக்கைக் கருவிகளை அங்கே சோதித்தோம். மலை, மேடு, கோபுரம் என்று தரையிலிருந்து எழும்பி நிற்கும் எல்லாவற்றையும் அந்தக் கருவியின் நினைவில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பார்கள். ஹெலிகாப்டர் மலையை நோக்கிப் போனால் பைலட்டின் காதில் "டெரெய்ன், டெரெய்ன்" என்று, முன்னால் நிலம் இருக்கிறது என்று கத்தும். அப்போதும் திரும்பாவிட்டால் "புல் அப்", மேலே தூக்கு என்று அலறும். சரியாகக் கத்துகிறது என்று நிரூபித்தால்தான் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்கும்.

அங்கே எனக்கு சீனியர் இருதயசெல்வி. முகையூர்ப் பக்கத்துக்காரி. அப்பா பஸ் கண்டக்டர். சுற்றிலும் கரும்பும் நெல்லுமாக மட்டமான பூமி. "எங்க ஊர்ல ஒசரமா இருக்கறது மாதா கோயில் மணிக்கூண்டு மட்டுந்தான். நான் போய் மலைக்கு டெஸ்ட் எழுதறேன் பாரு" என்று சிரிப்பாள். அவளுக்கு வாய் ஓயாது. என் டப்பாவைத் திறந்து பார்த்து, "ஏன்டி சஹானா, ஜைன வீட்ல சூரியன் மறைஞ்சா அடுப்புக்கு லீவு, சரி. பகல்லயும் உப்புக்கு லீவா?" என்பாள். சொல்லிவிட்டு பாதியைத் தின்றுவிடுவாள். எனக்கு எரிச்சல் வரும். மறுநாள் அவளுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவேன்.

விழுப்புரத்தில் படித்துவிட்டு அவள் முதலில் வேலை பார்த்தது புதுச்சேரியில் ஒரு காது மெஷின் கடையில். வயதானவர்களை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்று சொல்ல வேண்டும். நிறைய பேர் சத்தமே கொடுக்காதபோதும் கையைத் தூக்குவார்களாம். கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ளப் பயம். அதனால் அவள் நடுநடுவே சும்மா இருந்து பார்ப்பாள். கை எழும்பாமல் இருந்தால்தான் மற்ற பதில்களை நம்புவாள்.

அந்தப் பழக்கத்தை அவள் அப்படியே திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தாள். கத்த வேண்டிய இடத்தில் பெட்டி கத்துவது பாதி வேலைதான் என்பாள். கத்தக்கூடாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். தொட்டதற்கெல்லாம் கத்தினால் பைலட் ஒருநாள் வெறுத்துப்போய் அதை அணைத்துவிடுவார். "நைநைன்னு பேசிக்கினே இருக்கிற மனுஷி சொன்னா எவன் கேப்பான்?" என்று அவளே சொல்வாள். நான் அவளை ஏற இறங்கப் பார்ப்பேன். "என்னையப் பாக்காத, பெட்டியப் பாரு" என்பாள்.

சட்டப்படி இந்தச் சோதனை உண்டு. மலைகளுக்கு நெருக்கமாக, ஆனால் மோதாத பாதையில் பறக்க வேண்டும். ஒரு சத்தமும் வராவிட்டால் பெட்டி பாஸ். இந்தச் சுற்றுகளுக்கு இருதயசெல்வி தனி விதி ஒன்று வைத்திருந்தாள். பின் இருக்கையில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்பவள் அவள். தரையிலிருந்து கண்காணிப்பவரின் வாக்கிடாக்கி அவளுடைய ஹெட்செட்டுக்குத்தான் போகும். சத்தமில்லாத சுற்று தொடங்கியதும் அந்த இணைப்பை மூடிவிடுவாள். முன்பு ஒருமுறை தரையிலிருந்து வந்த கரகரப்பு பதிவில் விழுந்துவிட, அது பெட்டியின் சத்தமா இல்லையா என்று தணிக்கைக்கு வந்தவர்கள் ஆயிரம் கேள்வி கேட்டு மொத்தச் சோதனையையும் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த விதி. நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

பறந்து சோதிக்க இடம் தேடியபோது அவள்தான் கணவரின் ஊரைச் சொன்னாள். செஞ்சிக்குப் பக்கத்தில், வல்லத்துக்கு அந்தப் பக்கம், மலையடியில் ஒரு சின்ன கத்தோலிக்கக் கிராமம். ஊருக்குப் பின்னால் இரண்டு பாறைமலைகள் அடுத்தடுத்து நிற்கும். நடுவே ஹெலிகாப்டர் தாராளமாகப் புகுந்து வரலாம். மலையை நேருக்கு நேர் பார்த்துப் பறந்தால் பெட்டி கத்த வேண்டும். இடைவெளி வழியே போனால் கத்தக்கூடாது. ஒரே இடத்தில் இரண்டு சோதனையும் முடிந்துவிடும். ஐப்பசியில் ட்ரோன் விட்டு அளந்தோம். பாறையையும் புதரையும் தவிர எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டுவது போதாதென்று, ஊருக்கே ஒரு பெரிய நட்சத்திரம் செய்து, இரண்டு மலைக்கும் நடுவே வானத்தில் தொங்கவிடுவார்கள். செஞ்சிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். அதைக் கட்டுவது லூர்து பிரகாஷ், இருதயசெல்வியின் கணவர். செல்போன் டவரில் ஏறி ரிப்பேர் பார்ப்பவர். உயரம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜனவரி முதல் வாரத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று நட்சத்திரத்தை இறக்குவார்கள். அதனால்தான் இருதயசெல்வி சோதனையைப் பொங்கலுக்குப் பிறகு வைக்கச் சொன்னாள். வெளியூர்க்காரர்களான எங்களுக்கு நட்சத்திரம் என்று ஒன்று இருப்பதே அவள் சொல்லித்தான் தெரியும்.

முந்தின நாள் ஆபீஸிலிருந்து கணவருக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள்.

"என்னாங்க, நட்சத்திரம் எறக்கியாச்சா?"

"ராஜா திருநாளன்னிக்கே எறக்கியாச்சு."

"நல்லா தெரியுமா?"

"நாந்தான எறக்கினேன். பங்குச் சாமியார் வீட்டு குடோன்ல கெடக்குது. ஏன், நாளைக்கி எங்க ஊர்ப் பக்கமா வர்ற?"

"மலைகிட்ட வருவோம். கீழ நின்னு கையாட்டுங்க."

அவர் சொன்னது உண்மை. நட்சத்திரம் இறங்கியிருந்தது. கம்பி இறங்கவில்லை. இது எங்களுக்கு அப்போது தெரியாது. உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

எல்லா வருஷமும் நைலான் கயிறு. நட்சத்திரத்தோடு அதையும் அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வைப்பார்கள், இல்லாவிட்டால் வெயிலில் இற்றுவிடும். இந்த வருஷம் புதிதாக ஸ்டீல் கம்பி. பாறையில் போல்ட் அடித்து, முறுக்கி, விண்ணென்று இழுத்துக் கட்டியது. கனம் அதிகம். வெயிலோ மழையோ அதை ஒன்றும் செய்யாது. நட்சத்திரத்தை மட்டும் உருளையில் ஓரமாக இழுத்துக் கழற்றிக்கொண்டு, கம்பியை அடுத்த வருஷத்துக்கு விட்டுவிட்டார்கள். அந்த ஊருக்கு நட்சத்திரம்தான் பொருள். கம்பியைப் பற்றி யாராவது கேட்டால்தானே சொல்வார்கள்? இருதயசெல்விக்குத் தெரிந்தவரை நட்சத்திரமும் அதைத் தாங்குவதும் சேர்ந்தேதான் ஏறும், சேர்ந்தேதான் இறங்கும்.

மறுநாள் காலை புதுச்சேரியிலிருந்து ஹெலிகாப்டர் வந்தது. ஓட்டியவர் கேப்டன் தேவசகாயம், நிதானமான மனிதர். நான் மலையடியில் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை ஓரம் வாக்கிடாக்கியோடு நின்றேன். முதலில் உயரத்தில் ஒரு சுற்று வந்து பார்த்தார்கள். "கிளியர்" என்றாள் இருதயசெல்வி. மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியாது. கீழிருந்து பார்த்தாலும் தெரியாது. நான் அண்ணாந்துதான் நின்றிருந்தேன். வெளுத்த வானம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்து கத்த வேண்டிய சுற்றுகள். ஹெலிகாப்டர் மலை முகத்தைக் குறிவைத்து வரும். வாக்கிடாக்கியில் பெட்டியின் அலறல் கேட்கும். உடனே கேப்டன் ஒடித்துத் திருப்புவார். ஒவ்வொரு முறையும் பெட்டி கத்தியது. ஒவ்வொரு முறையும் இருதயசெல்வி, "கேட்டியாடி என் செல்லக்குட்டி கத்தறத?" என்றாள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. மலையில் காக்கைகள் எல்லாம் எழும்பிப் போய்விட்டிருந்தன. ஊரில் நாய்கள் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தன. ஜல்தியாக முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்றிருந்தது.

அந்த நேரம் பைக்கில் வந்து இறங்கினார் லூர்து பிரகாஷ். வேலைக்குப் போகிற வழியில் மனைவியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். துண்டை எடுத்து ஹெலிகாப்டரைப் பார்த்து வீசினார். முகமெல்லாம் பெருமை.

"முடிஞ்சிச்சா மேடம்?"

"கடைசிச் சுற்று அண்ணா. இதுல பெட்டி கத்தக்கூடாது."

வாக்கிடாக்கியில் இருதயசெல்வியின் குரல் வந்தது. "சைலன்ட் சுத்து ஆரம்பிக்கறோம் சஹானா. உன் லைன கட் பண்றேன். முடிச்சிட்டு வந்து பேசறேன்." பட்டென்று இணைப்பு போனது.

ஹெலிகாப்டர் தூரமாகப் போய் மலைகளுக்குப் பின்னால் மறைந்தது. சத்தம் மட்டும் பாறையில் பட்டு வந்துகொண்டிருந்தது.

"எங்க போறாங்க?" என்றார் லூர்து பிரகாஷ்.

"அந்தப் பக்கம் போய்த் திரும்பி, நடுவுல புகுந்து வருவாங்க."

"எதுக்கு நடுவுல?"

"ரெண்டு மலைக்கும் நடுவுல."

அவர் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. "மேடம், கம்பி இருக்குதே. கம்பி மேலயே கெடக்குதே!"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வாக்கிடாக்கியை அழுத்திக் கத்தினேன். செல்வி, வராதீங்க, கம்பி, மேல ஏறுங்க, கம்பி. வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். அது யார் காதுக்கும் போகவில்லை. லூர்து பிரகாஷ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மலையைப் பார்த்து ஓடினார். "செல்வி, போ! அப்பிடியே மேல போ!" இடைவெளியில் ஹெலிகாப்டர் தெரிந்தது. நேராக, அழகாக, பாதை பிசகாமல் வந்தது. அவளைக் குனிந்த தலையோடு பின் இருக்கையில் பார்த்த மாதிரி எனக்கு ஒரு நினைவு. அவ்வளவு தூரத்தில் பார்த்திருக்க முடியாது.

கம்பி அறுந்த சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது என்றார்கள். எனக்கு அது நினைவில்லை. ஹெலிகாப்டர் ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, மல்லாட்டைக் கொல்லைக்கு அந்தப் பக்கம் பாறையில் விழுந்தது. கேப்டன் இடுப்பு உடைந்து பிழைத்தார். இருதயசெல்வி பிழைக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் உடைந்த சாமான்களுக்குள்ளிருந்து அவளுடைய பதிவை எடுத்தார்கள். அதில் அவள் குரல் தெளிவாக இருந்தது. "இடைவெளிக்குள்ள வந்துட்டோம். அலர்ட் எதுவும் இல்ல. சைலன்ட் சுத்து பாஸ்." அதற்குப் பிறகு கேட்பதை நான் சொல்ல மாட்டேன்.

பெட்டியின் மேல் குற்றம் இல்லை என்று முடிவானது. அதன் நினைவில் இரண்டு மலைகள் இருந்தன, கம்பி இல்லை. இல்லாத ஒன்றுக்குக் கத்தாதது சரி. அந்தச் சுற்றையும் செல்லும் என்று எடுத்துக்கொண்டார்கள். மழைக்காலம் தொடங்குமுன் சான்றிதழ் வந்தது. நான் வராத அன்று, ஆபீஸில் ஸ்வீட் வேண்டாம் என்று யாரோ சொல்லித் தடுத்தார்களாம், ஏதோ பெரிய தியாகம் போல. அந்தச் செய்தியைக் கேட்டு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் லூர்து பிரகாஷ் ஆபீஸுக்கு வந்தார். டவர் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். இப்போது ஏணியில்கூட ஏறுவதில்லையாம். எனக்கு எதிரே இருதயசெல்வியின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"அவ பேசினது இருக்குதாமே தங்கச்சி. ஒரு தபா போடறியா?"

வேண்டாம் அண்ணா என்றேன். கேட்கவில்லை. கடைசித் துண்டை வெட்டிவிட்டு, அவள் பேசியதை மட்டும் போட்டேன். இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"சந்தோஷமாத்தான் இருந்திருக்கா" என்றார். பிறகு, "ஊர்ல ஒருத்தரும் என்னைய ஒண்ணும் கேக்கல. போலீஸ்கூட கேட்டுட்டு விட்டுட்டாங்க. சாமியாரும், விடு பிரகாஷுன்னு சொல்லிட்டாரு. எனக்குத்தான் விட மாட்டேங்குது. எறக்கியாச்சான்னு கேட்டா. ஆமான்னேன். எறக்கிட்டுதான சொன்னேன்? அவகிட்ட நான் பொய்யே சொன்னதில்ல தங்கச்சி. நான் ஆமான்னு சொன்னது தப்பா?" என்றார்.

தப்பில்லை அண்ணா என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் நம்பிச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கிப் போனார்.