ஏரோப்ளேனுக்குப் படுதா

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்றுவரை தகராறுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் துணியின் மேல் சாக்கட்டியால் போட்ட அளவுகள் மட்டுமே. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கம்பத்தில் ஜீப்புகளுக்குப் படுதா தைப்பது என் தொழில். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடை. மலையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். படுதா கொஞ்சம் தொய்ந்தாலும் தண்ணீர் குளம் கட்டி உள்ளே இருப்பவர் தலையில் ஊற்றும். அதனால் நாங்கள் துணியை முன்கம்பியில் கட்டியதும் நேராகப் பின்னால் இழுக்க மாட்டோம். இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலைக்குக் குறுக்காக, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து இழுப்போம். அப்படி இழுத்தால் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து ஓடிவிடும். நான் இழுத்த படுதாவைச் சுண்டினால் தவில் மாதிரிச் சத்தம் வரும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அவர்கள் அப்படிச் சொல்லும்போதும் நான் தலை நிமிர மாட்டேன். ஆளின் முகத்தைப் பார்ப்பதைவிட வண்டியின் கம்பியைப் பார்ப்பது எனக்குச் சுலபம்.

2003ஆம் வருடம், கோம்பையிலிருந்து ஒருவர் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் படுதா வேண்டும் என்று வந்தார். விமானப்படையில் மெக்கானிக்காக இருபது வருடம் இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பித் திராட்சைத் தோட்டம் பார்ப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் இழுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, ஓர் இறக்கைக்குத் துணி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். கோழி இறக்கையா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்.

தோட்டத்துக்குப் போன பிறகுதான் விளங்கியது. பட்டாளத்தில் தினமும் தரையில் நிறுத்தித் துடைத்து எண்ணெய் போட்ட ஒரு சின்னப் பயிற்சி விமானத்தை, நாலில் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் எட்டரை அடி. இன்ஜின், திராட்சைக்கு மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயரில் இருந்து கழற்றியது. உடம்புக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை. தரையில் நின்று ஓட்டும் ரேடியோ பெட்டியைச் சிங்கப்பூரில் இருக்கும் கூட்டாளி வாங்கிக் கொடுத்திருந்தார். இறக்கைக்கு மட்டும் பால்சா என்ற மரம். நம் பக்கம் கிடைக்காது. பட்டாளத்தில் இருந்தபோதே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தது. ஒரு துண்டைக் கையில் வைத்தார். அப்பளம் மாதிரி இருந்தது.

துணி போடுவதற்கு முன் கூடு முடிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு நானும் போகத் தொடங்கினேன். அவர் வரைபடத்தைப் பார்த்து வெட்டுவார். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். இறக்கைக்குள் மீன் முள் மாதிரி வரிசையாக விலாக்கள். ஒவ்வொன்றையும் பசை காயும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் யார் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை.

ஜீப் ஸ்டாண்டில் விஷயம் பரவிவிட்டது. "ஏலே, ஏரோப்ளேனுக்குப் படுதா போடுறியாமே? குமுளிக்கு ஆளுக்கு எம்புட்டுன்னு கேட்டுச் சொல்லு, நாங்க வண்டிய வித்துப்புடுறோம்" என்றான் ஒருவன். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் கூடு முடிந்தது. மஞ்சள் நிறத்தில் லைனிங் துணி வாங்கியிருந்தார். ஓரத்தில் பசை போட்டு ஒட்டி, இஸ்திரிப் பெட்டியை மெல்லக் காட்டினால் துணி தானாகச் சுருங்கி விறைத்துக்கொள்ளும். அதன் மேல், மர சாமானுக்கு அடிக்கும் லேக்கரைத் தின்னர் விட்டுக் கரைத்துப் பூச வேண்டும். அதுவும் காயக் காய இழுக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, சுருக்கமில்லாமல் துணியைப் போட்டாலே போதும், மீதியைச் சூடு பார்த்துக்கொள்ளும் என்றார். அன்றைக்கு அவருக்குத் தேனியில் ஏதோ வேலை. என்னை நம்பி விட்டுவிட்டுப் போனார்.

அவர் சொன்னது காதுக்குப் போனது, கைக்குப் போகவில்லை. இருபத்தைந்து வருடம் பழகிய கை. இடது முன்மூலையில் ஒட்டினேன், எழுந்து நின்றேன், வலது பின்மூலைக்கு இழுத்தேன். முதலில் இரண்டு இறக்கைக்கும் மேல்பக்கம் முழுவதையும் முடித்து, லேக்கர் பூசி, படுதாவைக் காயப்போடுவது போல வெயிலில் கல்தூணில் சாய்த்து வைத்தேன். சுண்டிப் பார்த்தேன். தவில் மாதிரியே சத்தம் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

சாயங்காலம் அவர் வந்தார். இறக்கைகளைச் சேர்த்து மேஜையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். ஓர் இறக்கையின் பின்விளிம்பு மேலே தூக்கியிருந்தது. மற்றதில் கீழே தொங்கியது. நான் மூலைக்கு இழுத்த இழுப்பில், முறுக்கிப் பிழிந்த துண்டு மாதிரி இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "இது ஏறுனா ஒரு பக்கமாப் புரண்டு மண்டையக் குத்தும் தம்பி. புதுசாச் செய்யவும் மரம் இல்ல. விடு, ஹால்ல தொங்கவிடுவோம். பாக்க நல்லாத்தான இருக்கு" என்றார்.

அவர் மனைவி வாசலில் இருந்து எட்டிப் பார்த்து, ஃபேனுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் அதுவும் பறந்த மாதிரி இருக்கும் என்று சொன்னார். அவர் எங்களைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் நான் நினைத்தது வேறு. இருபது வருடம் பிறர் பறப்பதற்காகத் துடைத்து வைத்த மனிதர். அவர் செய்த ஒரே விமானம் என் கையால் வீட்டு அலங்காரமாகப் போகிறது. திட்டியிருந்தால் நான் பாட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன். அன்றைக்குக் கேட்டேன். "அண்ணே, எறக்கைய நான் எடுத்துட்டுப் போறேன். மூணு மாசம் குடுங்க."

வைகாசி பிறந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் காற்று ஆளைத் தள்ளும். ஐப்பசி வரை சின்ன விமானம் எதையும் ஏற்ற முடியாது. பறக்கவிட நினைத்திருந்த கண்மாயில் தண்ணீரும் வந்துவிடும். அதைச் சொல்லி, சித்திரைக்குள் முடிந்தால் சரி, இல்லாவிட்டால் ஹாலில் தொங்கவிடக் கொக்கி அடித்துவிடுவேன் என்றார். சரி என்றேன்.

இறக்கைகளைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. தெரிந்த ஜீப்பின் மேல் மெத்தை போட்டுக் கட்டிக்கொண்டு வந்தோம். ஸ்டாண்டில் இறக்கும்போது, "எறக்கைய மட்டும் கொண்டாந்திருக்க, மிச்சத்த எங்கன விட்ட?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

தின்னரை நனைத்து நனைத்துத் துணியை உரித்தேன். அதற்கே பத்து நாள் ஆனது. மூன்று விலாக்கள் உடைந்தன. பால்சா இல்லாததால், மிளகுக்கொடி ஏற்றும், அதே மாதிரி லேசான கல்யாண முருங்கை மரத்தில் காய்ந்த கிளையாகப் பார்த்துப் பிளந்து, தாளாக இழைத்து அதே அளவில் வெட்டி வைத்தேன். அடுத்து, இறக்கையைக் கிடத்தக் கோணல் இல்லாத பலகை வேண்டும். கடையில் இருந்த மேஜை நடுவில் குழிந்திருந்தது. வீட்டில் நூல் பிடித்து அளந்து பார்த்தபோது கொல்லைக் கதவு ஒன்றுதான் நேராக இருந்தது. அதைக் கழற்றினேன்.

என் மனைவி பொறுமைசாலி. ஆனாலும், "நாய் பூனை வர வழி விட்டாச்சு. நீங்க பறந்து முடிச்சு வார வரைக்கும் நாங்க தொறந்த வீட்லதான் கெடக்கணுமா?" என்று கேட்டாள். கதவு இருந்த இடத்தில் ஒரு படுதாவைத் தைத்துத் தொங்கவிட்டேன்.

மரத்தை நேராக்குவது பெரிய கஷ்டமில்லை. என் கையை நேராக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. மூங்கில் பிளாச்சில் சின்னச் சட்டம் கட்டி, பழைய லைனிங்கைப் போட்டுப் பழகினேன். நேராகத்தான் வைக்கிறேன் என்று நினைப்பேன். காய்ந்ததும் சட்டம் முறுக்கிக்கொண்டு நிற்கும். நான்கு சட்டம் அப்படிப் போனது. ஐந்தாவதில் என்னையே கவனித்துப் பார்த்தேன். துணியைத் தொட்டதும் என் கால்கள் தானாக எழுந்து நின்றன. நின்றால் உடம்பின் எடை கைக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் மட்டும் துணியைத் தொட்டேன். அந்தச் சட்டம் கோணவில்லை.

இறக்கைக்கான புதுத் துணியை அப்படியே உட்கார்ந்தபடி போட்டேன். முதலில் கீழ்ப்பக்கம், உடனே மேல்பக்கம். இஸ்திரிப் பெட்டியைக் கீழே ஒரு சாண் காட்டினால் மேலே ஒரு சாண். லேக்கரும் அப்படியே, மாற்றி மாற்றி. வெயிலில் வைக்கவில்லை. படுதாத் துணியில் சின்னப் பைகள் தைத்து, மணல் நிரப்பி, இறக்கையைக் கதவோடு அழுத்தி வைத்து ஒரு வாரம் நிழலில் காயவிட்டேன். ஒரு பூச்சுக்கு ஒரு வாரம். அவசரம் வரும்போதெல்லாம் கடைக்குப் போய்விடுவேன்.

அதிலும் ஒரு கூத்து நடந்தது. சித்திரையில் ஒரு கோடை மழை. மறுநாள் ஒரு டிரைவர் நனைந்த சட்டையோடு வந்து நின்றான். "ஏண்ணே, மழத்தண்ணியப் புடிச்சு வச்சுக் குளிக்கவா படுதா தச்சீக?" என்றான். போய்ப் பார்த்தேன். முந்தின வாரம் அவன் வண்டிக்கு நான் உட்கார்ந்த கையோடு, பூவைத் தொடுவது போல, இழுக்காமல் கட்டியிருக்கிறேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏறி நின்று மூலைக்கு இழுத்துக் கட்டிக்கொடுத்தேன்.

சித்திரைக் கடைசி வாரம் கோம்பைக்காரர் வந்தார். கதவோடு சேர்த்து இறக்கையைப் பார்த்தார். நுனியிலிருந்து பார்த்தார், நூல் பிடித்தார், ரசமட்டம் வைத்தார். ஒரு நுனியில் தீக்குச்சிக் கனம் வித்தியாசம் இருந்தது. அதை இன்னொரு முறை உரிக்கிறேன் என்றேன். வேண்டாம், அதை ரேடியோவில் சரி செய்துகொள்ளலாம் என்றார்.

பொட்டிப்புரம் போகும் வழியில் ஒரு கண்மாய் வறண்டு தரை பாளமாகக் கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று எழும் முன், விடிந்த கையோடு போனோம். அவர் பட்டாளத்தில் இருந்தபோது சின்ன விமானங்களை ரேடியோவில் ஓட்டிப் பழகியவர்தான். ஆனாலும் இவ்வளவு பெரியதை ஓட்டியதில்லை. இன்ஜின் மருந்தடிக்கும் சத்தத்திலேயே உறுமியது. வேப்பமரத்தடியில் ஆடுகளோடு நின்ற ஒருவர், "உள்ள ஆளு இருக்காகளா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

ஓடியது. முப்பது அடி ஓடி, வால் தூக்கி, தரையை விட்டது. உடனே இடது பக்கம் சாய்ந்தது. அந்தத் தீக்குச்சிக் கனம். நான் கண்ணை மூடவில்லை. மூடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். அவர் விரல் லேசாக அசைந்தது. இறக்கை நிமிர்ந்தது. அதன் பிறகு அது நேராகப் போனது. கண்மாயைச் சுற்றி எங்கள் தலைக்கு மேல் வந்தபோது வெயில் மஞ்சள் துணிக்குள் புகுந்து, விலாக்கள் ஒவ்வொன்றும் நிழலாகத் தெரிந்தன. எது பால்சா, எது கல்யாண முருங்கை என்று என்னால் சொல்ல முடிந்தது.

இறங்கும்போது ஒரு சக்கரம் பாளத்தின் வெடிப்பில் சிக்கியது. மூக்கு குத்தி, முன்னால் சுற்றும் காற்றாடி உடைந்தது. இரண்டு பேரும் ஓடினோம். அவர் காற்றாடியைப் பார்க்கவே இல்லை. இறக்கையின் மேல் உள்ளங்கையை வைத்து, இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை தடவிக்கொண்டே போனார். எங்கும் தொய்வில்லை, கிழியவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம வேற காத்தாடி போட்டுப் பறப்போம்" என்றார். அந்த வருடம் காற்று கொஞ்சம் பிந்தியது, அதற்குள் மூன்று முறை பறந்தது. பிறகு ஒவ்வொரு வருடமும்.

அவரிடம் ஒரு நோட்டு உண்டு. விமானத்தில் செய்த வேலை ஒவ்வொன்றையும் அதில் எழுதி வைத்திருக்கிறார். பட்டாளத்துப் பழக்கம். இறக்கைக்குத் துணி போட்ட இடத்தில் மட்டும் நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டு, என்னிடம் கொடுத்தார். "கோணுனத நீயே எழுது. நான் எழுதுனா ஒன்னக் காப்பாத்தித்தான் எழுதுவேன். அது அடுத்துச் செய்யிறவனுக்கு ஒதவாது" என்றார்.

ஆறு வருடமாக அந்த நான்கு பக்கங்களைத் தள்ளிப்போட்டேன். கையெழுத்து சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். மூலைக்கு இழுத்ததை எழுத வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை. இப்போது எழுதிவிட்டேன். நான்கு பக்கம் போதவில்லை. தனித் தாள்களும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

2010 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. கம்பம்.