பதிவேட்டில் நான் திருத்திய பெயர்

திருவனந்தபுரத்துப் பெண்கள் ஹைஸ்கூல் ஒன்றில் ஒரு வருஷத்துக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்று கடிதம் வந்தபோது எனக்கு வயது ஐம்பத்தேழு. திருநெல்வேலியில் முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தேன். போகலாமா, வேண்டாமா என்று பதினோரு நாள் யோசித்துவிட்டு, 1907 ஆகஸ்டு மாதம் புறப்பட்டேன். அங்கே நான் செய்த ஒரு காரியத்தால் ஒரு பெண்ணின் படிப்பே நின்றுபோகப் பார்த்தது. அந்த ஊருக்கு உத்தியோகமாகப் போகிறவர்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு வருஷம் மட்டும் இருந்தவன் ஊரைப் பற்றி எழுதலாமா என்ற கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதலில் வழி. திருநெல்வேலியில் காலையில் ரயில் ஏறினால் செங்கோட்டை வழியாகச் சாயங்காலம் கொல்லம் சேரலாம். சுமார் நூற்றெட்டு மைல். மூன்றாம் வகுப்புக்கு ஒரு ரூபாய் இரண்டணா கொடுத்தேன். கொல்லத்துக்கு அப்பால் ரயில் கிடையாது. காயலிலும் கால்வாயிலும் வள்ளத்தில் போய், மறுநாள் மத்தியானம் வள்ளக்கடவில் இறங்கினேன். வழியில் வர்க்கலையில் மலையைக் குடைந்த இரண்டு சுரங்கங்களுக்குள் வள்ளம் நுழைகிறது. இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. இருட்டுக்குள் போனதும் படகு உடைந்துவிட்டதென்றே நினைத்தேன். நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம்.

இறங்கின இடம் வேறு தேசம். நம் ரூபாயைக் கொடுத்தால் இருபத்தெட்டுச் சக்கரமும் எட்டுக் காசும் தருகிறார்கள். அவர்களுக்கென்று அஞ்சல் என்ற தனித் தபால் இருக்கிறது. நமக்கு ஆவணி பிறந்த நாளில் அவர்களுக்கு வருஷமே பிறந்தது, 1083 என்றார்கள். தமிழ் பேசுகிற தெருவில்தான் குடியிருந்தேன். ஆனாலும் நான் அங்கே பரதேசி. அது வசைச் சொல் அல்ல. சர்க்கார் காகிதத்திலேயே நம்மவர்களை அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வலியசாலையில் சங்கரய்யர் என்பவர் வீட்டில் முன் அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் கிடைத்தன. அவர் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. அங்கிருந்து பள்ளிக்கூடம் ஒன்றேகால் மைல். நடந்து போக இருபத்தெட்டு நிமிஷம் ஆகும். காலையில் பாடம், மாலையில் பதிவேடு என்று வைத்துக்கொண்டேன். மாணவிகளின் பதிவேட்டை ஒழுங்கு பண்ணும் வேலையையும் என்னிடம் கொடுத்திருந்தார்கள். நானாகக் கேட்டு வாங்கியது என்று சொல்வதே உண்மை.

மெட்ரிகுலேஷன் வகுப்பில் சாரதா என்று ஒரு பெண். பதினாறு வயது. நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். சொந்த ஊர் விதுரை. பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். பதிவேட்டில் அவளுக்கு ரட்சகர், அதாவது பொறுப்பாளர், என்று எழுதியிருந்தது தாய்மாமன் பெயர். தகப்பனார் இல்லாத பெண் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். அப்பா நாராயண பிள்ளை இதே ஊரில் கச்சேரியில் வேலை பார்க்கிறார் என்றாள்.

தகப்பன் உயிரோடு இருக்க மாமன் பெயர் எப்படி வந்தது? எழுதினவர் கவனக்குறைவு என்று தீர்மானித்தேன். சிவப்பு மையால் மாமன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்து, தகப்பன் பெயரை எழுதிச் சுருக்கொப்பமும் போட்டேன். பரீட்சை விண்ணப்பத்தில் ரட்சகரின் கையொப்பம் வேண்டும்; துலாம் மாதம், நம் ஐப்பசி, பதினைந்தாம் தேதி கடைசி நாள். ஆகவே நாராயண பிள்ளைக்கு, ‘தங்கள் குமாரத்தி சாரதாவின் பரீட்சை விஷயமாக’ என்று தொடங்கி, பதிவேட்டில் ரட்சகர் பெயரைத் திருத்தியதையும் சொல்லி ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பதில் வரவில்லை. துலாம் எட்டாம் தேதி சாரதாவும் வரவில்லை. சாயங்காலம் சங்கரய்யர் குடையை மடக்கிக்கொண்டே என் அறைக்குள் வந்தார்.

“ஓய், நீர் என்ன காரியம் பண்ணிவச்சீர்? கச்சேரி முச்சூடும் இதே பேச்சு.”

“நான் ஒன்றும் பண்ணவில்லையே.”

“நாராயண பிள்ளைக்கு உம்ம கடுதாசி வந்ததாம். பக்கத்து மேஜைக்காரன் பிடுங்கிச் சத்தமா வாசிச்சுட்டான். ‘ஓஹோ, காரணவர் ஆயாச்சோ’ன்னு அவரைக் களியாக்கிச் சிரிக்கறா. சங்கதி விதுரை வரைக்கும் போயாச்சு. குட்டியோட அம்மாவன், அதான் தாய்மாமன், வந்து அவளை வண்டியில ஏத்திண்டு போயிட்டான்.”

“தகப்பனாருக்குத்தானே எழுதினேன்?”

“அதெல்லாம் உம்ம ஊர்ல ஓய். இங்க அவா வழக்கத்துல பிள்ளைகள் அம்மை வீட்டுச் சொத்து. அம்மாவன்தான் காரணவர், வீட்டுத் தலைவன். அவன்தான் சோறு போடறான், படிக்க வைக்கறான். அப்பன் வந்து பார்த்துட்டுப் போவான், அவ்வளவுதான். நீர் அந்த அம்மாவன் பேரை வெட்டியிருக்கீர். அவன் செத்துட்டான்னு எழுதின மாதிரி.”

தகப்பனுக்குத் தன் பெண்மீது உரிமை இல்லாத தேசம் ஒன்று திருநெல்வேலியிலிருந்து ஒன்றரை நாள் தூரத்தில் இருக்கிறது. அங்கே மூன்று மாதமாகச் சோறு தின்கிறேன், எனக்குத் தெரியவில்லை. மறுநாள் தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நீங்கள்தானே வெட்டினீர்கள், நீங்களே போய்ப் பேசிவிட்டு வாருங்கள்” என்றார். பதிவேட்டை எடுத்துப்போக அனுமதி கேட்டேன், கொடுத்தார்.

பதினோராம் தேதி விடிவதற்கு முன் வண்டி பூட்டினோம். விதுரைக்கு இருபத்துமூன்று மைல். போகவர வண்டிச் சத்தம் இரண்டு ரூபாய் என்று பேச்சு. நெடுமங்காடு பதினோரு மைல். அங்கே மாட்டை அவிழ்த்து ஒன்றரை மணி நேரம் தங்க வேண்டும். அதற்கு அப்பால் மேடு. ஐப்பசி மழைக்கு வண்டியின் கூண்டு போதாது. பதிவேட்டை மெழுகுத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கால் வண்டிக்கு வெளியே நனைந்தது. அட்டை ஏறும்; சுண்ணாம்பு கொண்டுபோங்கள்.

வண்டிக்காரர் செல்லப்பன் நாஞ்சில் நாட்டுக்காரர், நல்ல தமிழ் பேசுகிறவர். மனத்தில் இருந்ததை அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் மாட்டைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

“இதுக்கா சாமி இப்படி இருக்கிய? நாங்களும் மருமக்கவழிதான்.”

“நீர் தமிழர் அல்லவா?”

“தமிழு வேற, வழி வேற. எங்கப்பன் கண்ணை மூடுனாரு, அவரு வயலு மருமகனுக்கு, அவரு தங்கச்சி மவனுக்குப் போச்சு. வயலுல நடக்க வேண்டிய மாடு இப்ப சாமியை இழுக்கு.”

“உமக்கு அது வருத்தமாக இல்லையா?”

“எங்க மாமனுக்கு வயலு இருந்தா எனக்கு வந்திருக்கும். அந்தாளுகிட்ட ஒரு வெத்தலைக்கொடி கூட இல்ல. அதுக்கு வழக்கத்தைக் குத்தம் சொல்லலாமா?”



இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சந்தைக்கு அரை மைல் மேற்கே அந்த வீடு. சாரதாவின் தாய்மாமன், காரணவர் கேசவ பிள்ளைக்கு என் வயதுதான் இருக்கும். பலகை போட்டு உட்காரச் சொன்னார், இளநீர் வெட்டித் தந்தார். பிறகு பதிவேட்டைக் காட்டச் சொன்னார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

“ஞான் மரிச்சுப் போயி என்னு சாரிடத்து ஆரு பறஞ்சது?”

“யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தை நினைத்துச் செய்துவிட்டேன். தப்புத்தான்.”

“பத்து வருஷமாயிட்டு அவளுக்குப் புஸ்தகம் வாங்கியது ஞான். பனிக்காய்ச்சல் வந்தப்போ வைத்தியரைக் கூட்டிவந்தது ஞான். சந்தையில ஒருத்தன் கேக்கிறான், ‘உங்க வீட்டுல இப்ப காரணவர் ஆரு’ என்னு. இனி ஞான் எந்த முகத்தோட அங்கே போகும்?”

அவர் முன்னாலேயே என் திருத்தத்தை அடித்து, அவர் பெயரை முழுதாக எழுதி, கீழே ‘என் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு பக்கத்தை நான் அசிங்கப்படுத்தியதில்லை. அவர் தலையசைத்தார். விண்ணப்பத்தை நீட்டினேன். அதை வாங்கவில்லை.

“அது அடுத்த கொல்லம் பார்க்கலாம். பேச்சு அடங்கட்டெ.”

அடுத்த வருஷம் என்றால் நடக்காது என்று எனக்குத் தெரியும். படிப்பை ஒருமுறை விட்டுப்போன பெண் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது உள்ளேயிருந்து சாரதாவின் தாயார் வந்தார். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. நேரே வந்து என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டார். பின்னால் சாரதா நின்றாள், அழுது வீங்கின முகத்தோடு.

“அண்ணன் ஒப்பிடுந்நில்லெங்கில் ஞான் ஒப்பிடாம்” என்றார். அண்ணன் கையெழுத்துப் போடாவிட்டால் நானே போடுகிறேன் என்று அர்த்தம்.

“நீ உள்ளே போ.”

“போகும். இது என்றெ வயிற்றில் பிறந்த பெண்ணு. நாளைக்கு இந்த வீடு இவளுடையதாணு. கணக்கு அறியாத்தவளோ வீடு நடத்தப் போறது?”

காரணவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கணக்கு வாத்தியார் என்பதால் அந்தக் கேள்வி என்னைக் கேட்டதுபோல இருந்தது. ஒரு பெண்பிள்ளை அந்நியன் முன்னால் குடும்பத் தலைவரை இப்படிக் கேட்பதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டில் முப்பத்துநாலு வருஷத்தில் என் மனைவி எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. போட வருமா என்று நான் கேட்டதுமில்லை.

“பேனா எவிடே?” என்றார் காரணவர், யார் முகத்தையும் பார்க்காமல்.

பதின்மூன்றாம் தேதி விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. சாரதா டிசம்பரில் பரீட்சை எழுதினாள், தேறினாள்.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். துலாம் மாதத்தில் மலைப்பக்கம் போனால் மாற்று வேஷ்டி இரண்டு வேண்டும். சில்லறைக்குச் சக்கரம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வேலையாகப் போனால், முதல் ஆறு மாதத்துக்குச் சிவப்பு மைப் புட்டியைத் திறக்காதீர்கள். ஒரு பெயர் விநோதமாகப் பட்டால், அந்த ஊரில் பிறந்த ஒருவரைக் கேட்டுவிட்டுப் பிறகு பேனாவை எடுங்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால், தப்பாகப் போன என் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கோப்பில் சேர்த்தால்தான் கணக்கு நேராகும் என்று எனக்கு உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாராயண பிள்ளை வீட்டைத் தேடிப் போனேன். தம் சகோதரி வீட்டில் இருந்தார். மெலிந்த, சாதுவான மனிதர். கச்சேரியில் அவரைக் கேலிக்கு ஆளாக்கியதற்காக மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சிரித்தார். கடிதத்தைக் கேட்டேன். உள்ளே போய்ச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவந்தார். மடிப்பு ஏற்கனவே நைந்திருந்தது. என் கையில் கொடுக்கவில்லை.

“சார் பதிவேட்டைத் திருத்தியாச்சு. அது சரிதான்” என்றார். “பதினாறு வருஷத்துல அவளை என் குமாரத்தி என்னு ஒருத்தரும் எனக்கு எழுதினதில்லெ. இது என்றெ கையில் இருக்கட்டெ சாரே. கேட்க வேண்டா.”

கோப்பில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.