மயங்கி விழுந்ததை மறுபடியும் எடுத்தார்கள்

நானும் என் நாத்தனாரும் ஏரிக்கரைக் கொட்டகை ஒன்றில் இறால் உரிக்கிறோம். ஏரியில் தண்ணி வாகாக இருக்கிற நாளில் இறங்கி, கையால் தடவிப் பிடிப்போம். மற்ற நாளெல்லாம் கொட்டகைதான்.

போன கோடையில் பொன்னேரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஏதோ கம்பெனி வேலை என்றாள். எங்கள் நெற்றியைச் சுற்றி ஒரு பட்டையை மாட்டி, அதில் சின்ன கேமராவைக் கட்டினாள்.

"உங்க கை மட்டுந்தான்க்கா விழும். இதப் பாத்து ரோபோ கத்துக்கும். மனுஷங்க மாதிரியே கை கால் வெச்ச ரோபோ."

"உரிச்சிட்டு இன்னா பண்ணும்? துன்னுமா?" என்றாள் நாத்தனார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள்.

"அது வந்துட்டா எங்களுக்கு வேலை?" என்று கேட்டேன்.

"எனக்கே இருக்குமான்னு தெரியலக்கா."

அப்படிச் சொல்கிறவளிடம் என்னத்தைச் சண்டை போடுவது? கட்டிக்கொண்டோம்.

ஒருநாள் மத்தியானம் வெக்கை தாங்கவில்லை. நாத்தனார் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தாள் போலிருக்கிறது. உட்கார்ந்தபடியே சரிந்து விழுந்தாள். நான் தட்டை வீசிவிட்டு ஓடி, அவளை நிழலுக்கு இழுத்துப் போட்டு, முகத்தில் தண்ணி அடித்து, உள்ளங்காலைத் தேய்த்தேன். "கண்ணத் தொறடி, ஏய், தொறடி" என்று கத்தினேனாம். எனக்கு ஞாபகமில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து மோர் குடித்தாள். அப்புறந்தான் நெற்றியில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

சில நாள் கழித்து அந்தப் பெண் வந்தபோது, வேலையை நடுவில் விட்டதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, "அந்த வீடியோதான்க்கா கம்பெனிக்காரங்களுக்கு வேணுமாம். தனியா இருக்கிற வயசானவங்க விழுந்தா ரோபோ தூக்கணுமில்ல? ஆனா நீங்க பதட்டத்துல ஆடிட்டீங்க, ஒண்ணும் தெளிவா இல்ல. இன்னொரு வாட்டி செய்றீங்களா?" என்றாள்.

"வுழறதுதானே, வுழுந்துட்டா போச்சு" என்று நாத்தனார் தரையில் படுத்தேவிட்டாள்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். மறுபடி எடுத்தோம். தலைக்கு அடியில் கை கொடுக்கச் சொன்னாள் அந்தப் பெண். மெதுவாக, இன்னும் மெதுவாக. கடைசி வாட்டி நாத்தனார் சிரிக்கவில்லை. ஐஸில் கிடந்த இறாலைத் தொட்ட அவள் கை ஜில்லென்று இருந்தது. நடிக்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கேமராவில் என் முகம் விழாது.

"சூப்பர்க்கா. இதுதான்."

வீட்டுக்கு நடக்கும்போது நாத்தனார் சொன்னாள்: "இன்னிக்கு எவ்ளோ பதமா புடிச்ச அண்ணி! அன்னிக்கு நெஜமா வுழுந்தப்போ முடியோட சேத்து தரதரன்னு இழுத்தியே. பாரு." புடவையைத் தூக்கி, சிராய்த்துப்போன முட்டியைக் காட்டினாள்.

அன்றைக்கு அவள் செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். இன்றைக்கு உயிரோடு இருப்பது தெரியும். அதனால்தான் கை பதமாக இருந்தது. எங்கேயோ ஒரு கிழவரை அந்த ரோபோ முடியைப் பிடிக்காமல் தூக்கும். நல்லதுதானே? பின்னே எதற்கு எனக்கு யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது?

அடுத்த முறை அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "தூக்கும்போது அதுக்குப் பயம் வருமா?"

"கேட்டுச் சொல்றேன்க்கா."

அப்புறம் அவள் வரவில்லை. எடுத்தது போதுமாம், கொட்டகைக்காரர் சொன்னார். நாங்கள் இன்னும் உரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.